அக்கரை வேறு நாடு: இத்தாலி–சுவிஸ் எல்லை ஏரிகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆல்ப்ஸ் மலையின் தெற்குச் சரிவு இத்தாலியச் சமவெளியில் இறங்கும் இடத்தில் மஜோரே, லுகானோ, கோமோ என்று மூன்று ஏரிகள் பக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. முதல் இரண்டுக்கும் குறுக்கே சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லைக்கோடு போகிறது. கோமோ ஏரி முழுக்க இத்தாலிதான். ஆனால் அதன் தென்மேற்கு முனையில் இருக்கும் கோமோ நகரத்திலிருந்து ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் சுவிஸ் மண்ணில் இறங்கலாம். தலையில் பனி வைத்த மலைகள் பின்னால் நிற்க, கரையில் பனை வகை மரங்களும் எலுமிச்சையும் காமெலியாவும் வளரும் வினோதமான இடம் இது.

புதிதாகப் போகிறவர்கள் எல்லையை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். எல்லை சுலபம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதில்தான் கவனம் வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றியே போகும்.

முதலில் ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைத்தால் பாதி நேரம் நிலையத்திலும் படகுத்துறையிலும் போய்விடும். ஒன்றில் தங்கி, மற்றவற்றுக்கு ஒரு நாள் போய்வருவது நல்லது.

மஜோரே பெரியது. 212 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு சுவிஸ் பக்கம். தீவுகளும் தோட்டங்களும் இங்கேதான். லுகானோ ஏரி சிறியது, 49 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு ஏரிபோலத் தெரியும். மலையுச்சியிலிருந்து ஏரியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது. கோமோவுக்குப் பெயர் அதிகம், கூட்டமும் அதிகம். என்னைக் கேட்டால் முதல்முறைக்கு மஜோரேதான். குழந்தைகள், வயதானவர்கள், செடிகொடிப் பிரியர்கள், ரயில் பைத்தியங்கள் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் அங்கே ஏதாவது இருக்கிறது.

நான்கு நாள் கிடைத்தால் போதும்: தீவுகளுக்கு ஒன்று, மலை ரயிலுக்கு ஒன்று, லுகானோவுக்கு ஒன்று, கோமோவுக்கோ மழைக்கோ ஒன்று. மழை என்று சும்மா சொல்லவில்லை. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் முட்டி, பெய்தால் கொட்டித் தீர்க்கும். 1993இலும் 2000இலும் மஜோரேயின் சுவிஸ் கரையிலுள்ள லொகார்னோவின் தெருக்களுக்குள் ஏரி புகுந்திருக்கிறது.

விசாவும் அடையாள அட்டையும்

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கன் வட்டத்துக்குள் (தங்களுக்குள் நிலையான எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருக்கிறது. ஆகவே இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். ‘சிங்கிள் என்ட்ரி’ விசாவில் அக்கரை போய்விட்டுத் திரும்பலாமா என்று பலரும் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம், இரண்டும் ஒரே வட்டத்துக்குள்தான். எத்தனை முறை குறுக்கே போய்வந்தாலும் அது நுழைவாகக் கணக்கில் வராது.

விண்ணப்பத்தை எந்த நாட்டுக்குக் கொடுப்பது என்பதில் குழப்பம் வரும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அங்கே. இரண்டிலும் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாட்டுக்கு. அறை பதிவுச் சீட்டுகளும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

சுவிஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. எஃப் வகை (தற்காலிக) அனுமதி அட்டை வைத்திருக்கும் உறவினர் யாராவது கூட வந்தால், முன்னனுமதி இல்லாமல் அவர் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. லொகார்னோவில் ஏறிய படகு இத்தாலியக் கரையில் நிற்பதும் எல்லை தாண்டுவதுதான்.

மற்றவர்களும் கடவுச்சீட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிலையான சோதனை இல்லாவிட்டாலும் எல்லை நிலையங்களான கியாஸ்ஸோ, டோமோடொசோலா பக்கம் ரயிலில் ஏறிப் பார்ப்பார்கள்.

எங்கே தங்குவது

சுவிஸ் பக்கம் லொகார்னோ அல்லது லுகானோ, இத்தாலியப் பக்கம் ஸ்ட்ரேசா அல்லது வெர்பானியா. இத்தாலியில் அறையும் சாப்பாடும் கணிசமாக மலிவு. சுவிஸ் பக்கத்துக்கு ஒரு பலமான வாதம் உண்டு. இந்த இரண்டு ஊரும் இருக்கும் டிச்சினோ மாநிலத்தில் விடுதி, இளைஞர் விடுதி, முகாம் மைதானம் எதில் தங்கினாலும் ‘டிச்சினோ டிக்கெட்’ தருகிறார்கள். தங்கும் நாள் முழுக்க மாநிலத்துக்குள் ரயிலும் பேருந்தும் இலவசம், மலைரயிலுக்கும் படகுக்கும் தள்ளுபடி. நாள்தோறும் நாலு இடம் சுற்றுகிற குடும்பத்துக்கு அறை வாடகையின் வித்தியாசத்தில் பாதி இதிலேயே திரும்பிவிடும். வரவேற்பு மேசையில் அவர்களாகக் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

வந்து சேரும் வழி: மிலான் மத்திய நிலையத்திலிருந்து ஸ்ட்ரேசா ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிலானின் மல்பென்சா விமான நிலையத்திலிருந்து ‘டிலோ’ என்ற எல்லை தாண்டும் ரயில் வரேசே வழியாக லுகானோ போகிறது. சூரிச்சிலிருந்து வருகிறவர்கள் 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தில் நுழைந்து, இரண்டு மணி நேரத்தில் லுகானோவில் இறங்கலாம். 2020இல் செனேரி சுரங்கமும் திறந்தபிறகு லொகார்னோவுக்கும் லுகானோவுக்கும் இடையே அரை மணி நேரம்தான்.

இத்தாலியின் வட்டார ரயில்களுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடை ஓரத்திலுள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம்.

எப்போது

ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை அசேலியா, ரோடோடென்ட்ரான் பூக்கும் காலம். காமெலியா அதற்கும் முன்னால், மார்ச்சில். செப்டம்பரில் கூட்டம் குறைந்து தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரம் இத்தாலியே விடுமுறையில் இருக்கும், அப்போது போகாதீர்கள். குளிர்காலத்தில் படகுகள் பாதியாகக் குறையும், தீவு அரண்மனைகள் மூடியிருக்கும்.

படகு அட்டவணை

இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மஜோரேயிலும் கோமோவிலும் இத்தாலிய அரசின் ‘நவிகாட்சியோனே லாகி’ படகு விடுகிறது. லுகானோ ஏரியில் வேறு நிறுவனம். ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது.

அட்டவணையில் மூன்று வகைப் படகு இருக்கும். ‘பத்தெல்லோ’ சாதாரணப் படகு: மெதுவாகப் போகும், மேல்தளத்தில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். ‘சர்விட்சியோ ராப்பிதோ’ விரைவுப் படகு: கூடுதல் கட்டணம், மூடிய கண்ணாடிக்குள் உட்கார வேண்டும். நேரமாகிவிட்டால் மட்டும் இதில் ஏறுங்கள். ‘த்ரகெத்தோ’ கார் ஏற்றும் படகு. அது மஜோரேயில் இன்ட்ராவுக்கும் லவேனோவுக்கும் இடையே ஏரியைக் குறுக்கே 20 நிமிடத்தில் கடக்கும். கார் இல்லாதவர்களும் ஏறலாம், கூட்டமான நாளில் அதுதான் நிம்மதி.

அப்புறம் ‘ஃபெரியாலே’, ‘ஃபெஸ்தீவோ’ என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். முதலாவது திங்கள் முதல் சனி வரை, இரண்டாவது ஞாயிறும் பண்டிகை நாட்களும். ஞாயிற்றுக்கிழமை நேரத்தைப் பார்த்துவிட்டுத் திங்களன்று துறையில் நின்றால் படகு வராது.

திட்டம் போடும் முறை இதுதான்: திரும்பி வரும் கடைசிப் படகை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய படகை உங்கள் படகாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள். பெரிய ஊர்களுக்கு நடுவே மாலை வரை படகு இருந்தாலும், சின்னத் துறைகளில் பிற்பகல் நாலைந்து மணியோடு முடிந்துவிடும்.

ஸ்ட்ரேசாவில் ஒரு தொல்லை உண்டு. நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கியதுமே மாலுமித் தொப்பி போட்டவர்கள் வழிமறித்து “தீவு, தீவு” என்று சீட்டு விற்பார்கள். இவர்கள் தனியார் படகுக்காரர்கள். ஏமாற்று என்று சொல்ல முடியாது. அடிக்கடி போகிறார்கள், வேகமாகவும் போகிறார்கள். ஆனால் அவர்கள் சீட்டு அவர்கள் படகுக்கு மட்டும்தான், பொதுப் படகில் செல்லாது. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். பொதுப் படகில் மூன்று தீவுக்கும் சேர்த்து நாள் சீட்டு கிடைக்கும், தனித்தனியாக வாங்குவதைவிட லாபம். அரண்மனை நுழைவுச் சீட்டு இதில் சேராது, அது வேறு.

பொர்ரோமேயோ தீவுகள்

ஸ்ட்ரேசாவுக்கு எதிரே ஏரியில் இருக்கும் மூன்று தீவுகள் இவை. அவற்றில் ஐசோலா பெல்லாவுக்கு முதல் படகிலேயே போங்கள். பத்தரை மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்து இறங்கும். 1632க்கு முன் இது மீனவர்கள் குடியிருந்த வெறும் பாறை. மிலானின் பொர்ரோமேயோ குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாம் கார்லோ தன் மனைவி இசபெல்லாவின் பெயரில் இங்கே அரண்மனை கட்ட ஆரம்பித்தார். தோட்டத்துக்கான மண்ணையெல்லாம் படகில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். 1797இல் நெப்போலியன் தங்கிய அறையைக் காட்டுவார்கள். 1935 ஏப்ரலில் முசோலினியும் பிரிட்டன், பிரான்ஸ் தலைவர்களும் ஹிட்லருக்கு எதிராகக் கைகோத்த மாநாடு நடந்ததும் இதே வீட்டில்தான். அந்தக் கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை.

மேல்மாடியோடு திரும்பிவிடாதீர்கள். கீழ்த்தளத்தில் ஏரி மட்டத்தை ஒட்டி ஆறு குகை அறைகள் இருக்கின்றன. சுவர், கூரை, வளைவு எல்லாவற்றிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல்லை ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். நடுக்கோடையில் வீட்டுக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகக் கட்டியவை. ஆகஸ்டில் வெளியே வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் உள்ளே தரை சில்லென்றிருக்கும். அதைத் தாண்டி வெளியே வந்தால் பத்து அடுக்குத் தோட்டம், உச்சியில் குடும்பச் சின்னமான ஒற்றைக்கொம்புக் குதிரை, புல்வெளியில் வெள்ளை மயில்கள்.

ஐசோலா மாத்ரே மூன்றில் பெரியது, அமைதியானது. அங்கே கம்பிவடங்களால் இழுத்துக் கட்டிய ஒரு மரத்தைப் பார்ப்பீர்கள். இமயமலை விதையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வளர்த்த காஷ்மீர் சைப்ரஸ் அது. 2006இல் சூறாவளி வேரோடு சாய்த்துவிட்டது. பாரந்தூக்கி வைத்து நிமிர்த்தி, வடம் கட்டிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அரண்மனையைவிட எனக்கு அந்த மரம்தான் பிடிக்கும்.

மூன்றாவது மீனவர் தீவு. ஆண்டு முழுக்க ஆட்கள் குடியிருக்கும் தீவு இது ஒன்றுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கு இங்கே நிறுத்திக்கொண்டால் வரிசை சரியாக வரும்: காலையில் பெல்லா, மதியம் மீனவர் தீவு, பிற்பகல் மாத்ரே.

இன்னும் அரை நாள் இருந்தால் இரண்டில் ஒன்று. வெர்பானியாவில் வில்லா தாரந்தோ தோட்டம், 1931இல் நீல் மெக்கீக்கர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது. அல்லது எதிர்க்கரையில் செங்குத்துப் பாறையில் ஒட்டிக் கட்டிய சாந்தா கத்தெரீனா தெல் சாஸ்ஸோ மடம். படகில் போனால் துறையிலிருந்து படியேற வேண்டும். சாலை வழியாக வந்தால் மேலிருந்து இறங்க மின்தூக்கி உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் சாலை வழியாகவே வருவது நல்லது.

ரயிலும் படகுமாக ஒரு சுற்று

லொகார்னோவிலிருந்து டோமோடொசோலா வரை போகும் சென்டோவல்லி ரயில் 1923இல் திறந்தது. 52 கிலோமீட்டரை இரண்டு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு, பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே ஊர்ந்து, பாலத்துக்குப் பாலம் தாவி எல்லையைக் கடக்கும். டோமோடொசோலாவில் மாறி ஸ்ட்ரேசா வந்து, அங்கிருந்து படகில் லொகார்னோ திரும்பலாம். இந்தச் சுற்றுக்கே ‘லாகோ மஜோரே எக்ஸ்பிரஸ்’ என்று ஒரே சீட்டு விற்கிறார்கள், படகு ஓடும் பருவத்தில் மட்டும். ரயிலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். படகு வழியில் கன்னோபியோ, பிரிஸ்ஸாகோ என்று கரையூர்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். அசதியாக இருக்கும்போது அதுவே நல்ல ஓய்வு.

லுகானோவில் ஒரு நாள்

காலையிலேயே மலை ஏறிவிடுங்கள், மதியத்துக்கு மேல் புகைமூட்டம் வரும். லுகானோவை ஒட்டிய பராதிசோவிலிருந்து 1890ஆம் ஆண்டு முதல் ஓடும் கம்பிவட ரயில் 912 மீட்டர் உயர சான் சல்வதோரே உச்சிக்கு ஏற்றிவிடும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் கபோலாகோவிலிருந்து பல்சக்கர ரயிலில் 1,704 மீட்டர் மோந்தே ஜெனரோசோ போகலாம், ஆனால் அதற்கு அரை நாள் முழுசாகப் போய்விடும்.

இறங்கியதும் படகில் காந்த்ரியா. கார் நுழையாத படிக்கட்டுக் கிராமம். எதிர்க்கரையில், காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே, பழைய எல்லைக் காவலர் வீட்டில் சுவிஸ் சுங்க அருங்காட்சியகம் இருக்கிறது. கோடைப் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும். கடத்தல்காரர்கள் முதுகில் சுமந்த சாக்குமூட்டைகள், காலடிச் சத்தம் கேட்காமலிருக்கக் காலில் கட்டிக்கொண்ட சணல் செருப்புகள் எல்லாம் அங்கே உண்டு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிகரெட்டும் காபிக்கொட்டையும் இந்த மலைப்பாதைகள் வழியே இரவில் இத்தாலிக்குப் போயின. அந்தச் செருப்பைப் பார்த்தபிறகு எதிரேயுள்ள காட்டைப் பார்க்கும் விதமே மாறிவிடும். திரும்பும்போது காந்த்ரியாவிலிருந்து கஸ்தாஞோலா வரை ஏரியோர ஒலிவ மரப் பாதையில் நடக்கலாம், ஒரு மணி நேரம் போல.

லுகானோவுக்கு நேர் எதிரே கம்பியோனே தித்தாலியா. சுற்றிலும் சுவிஸ் இருக்க, நடுவில் இத்தாலிக்குச் சொந்தமான ஊர். 2020 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் சேர்த்துவிட்டார்கள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

கோமோ ஏரிக்குப் போக லுகானோவிலிருந்து மெனாஜியோவுக்கு சி12 பேருந்து இருக்கிறது. மெனாஜியோ, பெல்லாஜியோ, வரென்னா மூன்றையும் படகு இணைக்கிறது. இதில் வரென்னாவுக்கு நேரம் கொடுங்கள், அங்கிருந்து மிலானுக்கு நேரடி ரயில் உண்டு.

சந்தை, சுங்கம், பணம்

புதன்கிழமை வந்தால் லுயினோ சந்தை. 16ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. சுவிஸ் பக்கத்திலிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வருவார்கள். லொகார்னோவிலிருந்து கடெனாஸ்ஸோவில் மாறினால் போதும். காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது. பாலாடைக்கட்டி, தோல் பை, துணி எல்லாம் இருக்கும். பிரபல நிறுவனப் பெயர் போட்ட போலிப் பை வாங்கினால் இத்தாலியில் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு.

சாமானோடு சுவிஸ் திரும்பும்போது சுங்கக் கணக்கு வரும். ஷெங்கன் வட்டம் ஆட்களுக்குத்தான், பொருளுக்கு இல்லை. 2025 ஜனவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்க் மதிப்பு வரைதான் வரியில்லை, முன்பு 300. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ.

சுவிஸ் கடைகளில் யூரோ வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்தது. மீதி பிராங்கில் வரும். அட்டை இயந்திரம் “ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா” என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே சொல்லுங்கள். கைபேசிக்கு ‘ஐரோப்பா முழுதும்’ என்று விற்கும் சில சிம்களில் சுவிட்சர்லாந்து இருக்காது. வாங்கும்போதே பட்டியலைப் பாருங்கள், ஏனென்றால் ஏரி நடுவில் கைபேசி தன்பாட்டுக்கு அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்செருகியில் இரண்டு நாட்டுக்கும் மூன்றுமுனை வேறுவேறு. மெல்லிய இரட்டைமுனை இரண்டிலும் நுழையும்.

காரில் வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் ஆண்டு வில்லை வேண்டும், இத்தாலியில் தூரத்துக்குத் தகுந்த சுங்கக் கட்டணம். நிறுத்துமிடக் கோடுகள்தான் எல்லோரையும் குழப்பும். இத்தாலியில் நீலக்கோடு என்றால் கட்டணம், வெள்ளை இலவசம். சுவிஸில் நீலக்கோடு நேர வட்டு (வந்த நேரத்தைக் காட்டும் அட்டை) வைத்து இலவசமாக நிறுத்த, வெள்ளைக்குப் பெரும்பாலும் கட்டணம். மஞ்சள் எங்கேயும் வேண்டாம்.

சாப்பாடு

இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்தால் மாலை ஏழுக்குத்தான் மறுபடி ஏற்றுவார்கள். படகு நேரத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ரொட்டியும் ஐஸ்கிரீமும்தான். இத்தாலியில் பில்லில் ‘கொபெர்தோ’ என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும். அது உட்காரும் கட்டணம், தவறில்லை. சைவர்கள் ரிசோத்தோ என்ற அரிசி உணவைக் கேட்கும்போது எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று விசாரியுங்கள், பெரும்பாலும் இறைச்சிச் சாறாக இருக்கும். பொலெந்தா (சோளமாவுக் களி), பீட்சா பக்கம் ஆபத்து குறைவு.

அசைவர்கள் கோமோ பக்கம் ‘மிஸ்ஸொல்தீனி’ கிடைத்தால் விடாதீர்கள். ஏரியில் பிடிக்கும் அகோனே மீனை உப்பிட்டு, கம்பியில் கோத்து வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலை வகை அடுக்கி அழுத்தி வைப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் கருவாடு. சுட்டு, வினிகர் தெளித்து, பொலெந்தாவோடு தருவார்கள். டிச்சினோவில் மரநிழலில் கருங்கல் மேசை போட்ட ‘குரோத்தோ’ என்ற சாப்பாட்டுக் கடைகள் உண்டு. நகரத்து உணவகங்களை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

தண்ணீரில் இறங்குமுன்

இந்த ஏரிகளைப் பழைய ஆற்றுப் பள்ளங்களின் மேல் பனியாறுகள் வந்து மேலும் தோண்டியிருக்கின்றன. மஜோரேயின் நீர்மட்டம் 193 மீட்டர் உயரத்தில், ஆழமோ 370 மீட்டருக்குச் சற்று மேல். அடித்தரை கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. ஆகவே பல இடங்களில் கரையிலிருந்து சில அடிகளிலேயே தரை இறங்கிவிடும். நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் ‘லீதோ’ என்று பலகை வைத்த குளியல்துறைகளில் மட்டும் இறங்குங்கள். ஏரியில் விழும் வெர்சாஸ்கா, மஜ்ஜா ஆறுகள் பச்சைக் கண்ணாடியாகத் தெரிந்தாலும் கோடையிலும் உறையவைக்கும் குளிர், மேலே மழை பெய்தால் நிமிடங்களில் ஏறும்.

சின்னப் படகு வாடகைக்கு எடுக்கிறவர்கள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மஜோரேயில் அதிகாலையில் வடக்கிலிருந்து த்ரமொந்தானா, பிற்பகலில் தெற்கிலிருந்து இன்வெர்னா காற்று வீசும். சுவிஸ் கரைகளில் கம்பங்களில் ஆரஞ்சு விளக்கு இருக்கும். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும், கரையோரமாகவே இருங்கள். 90 முறை மின்னினால் புயல் எச்சரிக்கை, உடனே கரை திரும்புங்கள்.